ஆற்றில் போட்டது

நதியுண்ணி என்று இந்த அணைக்கட்டுக்குப் பெயர் வைத்தவன்
ஒளித்துப் பேசத் தெரியாதவன்.

பதினேழு வருடமாக நான் இதற்கு லஸ்கர்.
கிரீஸ் மணக்கும் இரும்புச் சாவி, ஒரு டார்ச்,
ஒரு டைரி:
காலை ஆறு மணி மட்டம், மாலை ஆறு மணி மட்டம்.
இடையில் நடப்பதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆவணிக் கடைசியில் உத்தரவு வந்தது.
கால்வாய்க்குப் போவதில் நாற்பது கன அடி குறைத்து
மணல்போக்கி வழியாகக் கீழே விட வேண்டும்.
‘சூழலியல் நீரோட்டம்.’
படித்துக் காட்டிய உதவிப் பொறியாளருக்கே
அந்த இடத்தில் நாக்கு ஒருமுறை தடுக்கியது.
ஆற்றுத் தண்ணீரை ஆற்றுக்கே விட
ஆறு கையெழுத்து.

கூட்டத்தில் நான் கதவோரம் நின்றேன்.
சங்கத் தலைவர் சிவனணைந்த பெருமாள் மைக்கைப் பிடித்து
“மீனுக்கு ஓட்டு இருக்கா?” என்றார்.
கைதட்டலில் மின்விசிறிச் சத்தம் அமுங்கிற்று.
புன்னைக்காயலில் இருந்து மூன்று பஸ் மாறி வந்த
ரொசாரி பர்னாந்து
ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை மேசைமேல் வைத்தார்.
“எங்க ஊர் அடிபம்புத் தண்ணி. குடிச்சுப் பாருங்க.”
யாரும் குடிக்கவில்லை.
டீ வந்தது. டீயைக் குடித்தார்கள்.

கட்சிக்காரர் முடித்துவைத்தார்:
ஒரு சொட்டுகூட வீணாகக் கடலில் கலக்க விடமாட்டோம்.
அதே வாரம், அதே கொடிக்குக் கீழே,
அங்கே கடற்கரையில் இன்னொருவர் பேசினாராம்:
ஒரு சொட்டுகூட மேலே தடுக்க விடமாட்டோம்.
இரண்டையும் ஒரே பேப்பரில் படித்தேன்,
ஆறாம் பக்கம், எட்டாம் பக்கம்.

எனக்கும் கடைமடையில் நாலு மரக்கால் விதைப்பாடு உண்டு.
குத்தகை.
கார் நெல் பால் பிடிக்கிற நேரம்.
பிரமசக்தி வெடிப்புக்குள் சுட்டுவிரலை விட்டுக் காட்டினாள்.
மூன்று கணுவும் உள்ளே போயிற்று.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்குப் பெருமாள் வந்தார்,
பச்சைத் துண்டு இல்லாமல், ஆள்கூட்டம் இல்லாமல்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
“மணல்போக்கியைப் பத்துச் சுத்து இறக்கும், வே.
விடியுமுன்னால பழையபடி ஏத்திரும்.
பத்தே பத்து.”
அது கூட்டத்தில் கேட்ட குரல் இல்லை.
அதற்குள்ளும் ஒரு விரல் போகும் போலிருந்தது.

சாவியை மாட்டுமுன் பழக்கத்தில் டார்ச்சைக் கீழே அடித்தேன்.
ஒரு வாரத்துக்கு முன்புவரை பாளம் பாளமாய்க் கிடந்த இடம்.
இப்போது முழங்கால் தண்ணீர்.
பாறைமேல் நீர்நாய் ஒன்று கெண்டையைத் தலையிலிருந்து தின்கிறது.
பக்கத்தில் இரண்டு குட்டி, முறைக்காகக் காத்துக்கொண்டு.
வெளிச்சத்தைப் பார்த்தது.
பார்த்துவிட்டு மறுபடி தின்றது.

“இதுக்கா?” என்றார் பெருமாள்.
கொஞ்சம் கழித்து,
“எத்தனை குட்டி?”
இன்னும் கொஞ்சம் கழித்து,
“சரி, அஞ்சு சுத்துப் போடும்.”

அஞ்சு போட்டேன்.
ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே சத்தம் ஒரு படி இறங்கியது.
அவர் போன பிறகும்
டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
விடியுமுன் கதவை ஏற்றிவிட்டு
டைரியில் நாற்பது என்று எழுதினேன்.
ராத்திரி முழுக்க அது முப்பத்தி நாலு.
கூடிப்போனால் முப்பத்தைந்து.

மிச்சம் கால்வாயில் போயிற்று.
கால்வாயிலிருந்து முதல் மடை,
அங்கே ராத்திரியே வாழைக்குத் திருப்பிவிட்டார்கள்,
ரெண்டாம் மடை, ஏழாம் மடை,
யாரோ மோட்டார் போட்டிருந்த பதினோராம் மடை.

காலையில் பிரமசக்தி
எங்கள் மடைவாயில் உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தாள்.
ஈரம் இல்லை.
“ராத்திரி எத்தனை சுத்து?” என்றாள்,
என் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்தபடி.